கடைசித் தொட்டியில் நிற்பவர்

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? பாப்பாவுக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகமெல்லாம் கிடைத்துவிட்டதா?

"உங்கிட்ட போன்ல பேசுறது கிணத்துல கல்லு போடுற மாதிரிடி, 'ம்'னு ஒரு சத்தந்தான் வருது" என்று போன வாரம் திட்டினாய். உண்மைதான். விடுதி அறையில் மற்ற மூன்று பேரும் இருக்கும்போது எனக்குப் பேச்சு வருவதில்லை. பேனாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அதனால் இனிமேல் கடிதம்.

ஆபீசில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டாய் அல்லவா? பெரிய கடைகளில் காய்கறிப் பையின் மேல் ஒரு பச்சை வட்டம் ஒட்டியிருக்கும். வட்டத்துக்குள் இரண்டு கைகள். இந்தக் காயை விளைவித்தவர்களும் கழுவியவர்களும் நல்லபடியாக நடத்தப்படுகிறார்கள் என்று அதற்குப் பொருள். அந்த வட்டத்தைக் கொடுப்பது எங்கள் அலுவலகம்தான். கள ஆய்வாளர் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். பண்ணைகளுக்குப் போய், வேலை செய்கிறவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வருவார். மைக்கூட்டில் விழுந்த எறும்பு காகிதத்தில் நடந்துபோன மாதிரி இருக்கும் அவர் எழுத்து. அதைப் படித்து, அறிக்கையாகத் தட்டச்சு செய்து, மேடத்தின் மேசையில் வைப்பது என் வேலை.

இந்த வருஷம் ஆய்வு செய்ய வேண்டிய பண்ணைகளின் பட்டியலை நேற்று பார்த்தேன். ஏழாவதாக உங்கள் பண்ணை. சேரும்போது நிரப்பிய படிவத்தில், 'உறவினர் யாரேனும் பண்ணையில் வேலை செய்கிறார்களா' என்று ஒரு கேள்வி இருந்தது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை


ஜூலை 21

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா ஆசீர்வாதம். நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். முழங்காலைக் கேட்டாய். அது என்னோடு பேசுவதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு, கத்த மட்டும் செய்யும். நீ சாப்பிடுகிறேன் என்று எழுதியதை நம்பவில்லை.

உன் கடிதத்தைப் பாப்பா சத்தமாகப் படித்தாள். பச்சை வட்டம் வந்ததும், "அம்மா, இதைத்தானே நம்ம ஷெட்ல ஒட்டுறாங்க?" என்றாள். ஆமாம். நீ அங்கே உட்கார்ந்து கொடுக்கிறாய், இங்கே பேக்கிங் மேசைக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டு ஒட்டுகிறாள். குடும்பத் தொழில் ஆகிவிட்டது போ.

நான் இன்னும் கேரட் தொட்டியில்தான். ஆறு தொட்டி வரிசையாக இருக்கும், ஒரு தொட்டிக்கு ஒரு ஆள். முதல் தொட்டியில் மண் போகும். போகப் போகத் தண்ணீர் தெளியும். கடைசித் தொட்டியில் மருந்து கலந்திருக்கும், கிருமி சாக. அதில் நிற்பது நான். இடது கையால் கேரட்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து, வலது கையால் பிரஷ் போட வேண்டும். அதனால் இடது கைதான் வீணாகிறது. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நகம் விழுந்துவிட்டது. பாப்பாவைத் தவிர யாரிடமும் காட்டவில்லை. நீ கேட்பாய் என்றுதான் எழுதுகிறேன். கையுறை கேட்டால் சூப்பர்வைசர், "கிளவுஸ் போட்டா வேகம் வராது"ன்னு சொல்வார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். பாத்ரூம் போவதற்கும் அவர் ஊதினால்தான் போக வேண்டும், ஒரு ஷிப்டுக்கு இரண்டு தடவை. ஆறு பொம்பளைகளுக்கும் ரயில் மாதிரி நேரத்துக்கு வர வேண்டுமாம்.

போன வருஷம் உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்தார். விசில் பக்கத்தில் நிற்க, "எல்லாம் நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார். எல்லாம் நல்லா இருக்கு சார் என்று ஆறு பேரும் பாட்டுப் பாடினோம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பாப்பாவின் அப்பா போன பிறகு எனக்கு நிலையாக இருப்பது இந்தக் குவார்ட்டர்ஸ் ரூம் ஒன்றுதான். வேலை இருக்கிறவரைக்கும் ரூம். பின் கேட்டில் இறங்கினால் பத்து நிமிஷத்தில் அவள் பள்ளிக்கூடம். அவள் பத்தாவது முடிக்கிறவரை இது இருந்தால் போதும். அப்புறம் உன் மாதிரி மேலே போய்விடுவாள். எனக்கு வேறு ஆசை கிடையாது.

மழையில் நனையாதே. சளி பிடித்தால் உனக்குச் சீக்கிரம் போகாது.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ சொன்னபடி குடை வாங்கினேன். உன் கையை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை. தேங்காய் எண்ணெயாவது தடவுகிறாயா?

அக்கா, போன வருஷம் மாதிரி இந்த வருஷம் இல்லை. விதியை மாற்றிவிட்டார்கள். ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனி அறையில் வைத்துக் கேட்பார். சூப்பர்வைசர் உள்ளே வரக் கூடாது. முக்கியமாக, அறிக்கையில் யார் பெயரும் இருக்காது. பெயர் இருக்கும் இடத்தில் அவர் செய்கிற வேலையை மட்டும் எழுதுவோம். பறிப்பவர், சுமப்பவர், கழுவுபவர் என்று. அந்த மாதிரி மாற்றி எழுதுவதே நான்தான். ஒரு பெயர்கூட என் கையைத் தாண்டிப் போகாது.

யாராவது ஒருவர் உண்மையைச் சொன்னால்தான் குறை என்று எழுத முடியும். குறை என்று எழுதினால் மூன்று மாதத்துக்குள் அவர்கள் சரிசெய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வட்டம் போய்விடும். வட்டம் போனால் பெரிய கடைகள் வாங்காது. அவர்கள் பயப்படுவது அதற்கு மட்டும்தான். நீ சொல்லு, அக்கா. ஆய்வாளர் நல்ல மனிதர். எப்போதும் வாயில் இருமல் மிட்டாய் வைத்திருப்பார். இருபதாம் தேதிக்குப் பிறகு வருவார்.

இவ்வளவு தைரியமாக நான் யாருக்கும் எழுதியதில்லை. பாப்பா நன்றாகப் படிக்கிறாளா? கணக்கில் சந்தேகம் இருந்தால் எழுதி அனுப்பச் சொல்.

தங்கை


ஆகஸ்ட் 29

அன்புத் தங்கச்சி,

எல்லோரும் சுகம். பாப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, விட்டுவிட்டது. கணக்கில் உன்னை மிஞ்சிவிடுவாள், அவள் சொல்லச் சொன்னாள்.

உன் மிட்டாய்க்காரர் வந்தார். விதை மூட்டை அறையில் நாற்காலி போட்டு, கதவைச் சாத்தி, ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார். "உக்காரும்மா" என்றார். பண்ணைக்கு வந்து ஐந்து வருஷத்தில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள். எனக்கு முதலில் வாயே வரவில்லை. அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன், என் தங்கச்சிக்கு இப்படித்தானே இருக்கும் என்று. பிறகு சொல்லிவிட்டேன். மருந்துத் தண்ணீர், கையுறை இல்லாதது, விசில், எல்லாம். "எத்தனை நாளா?" என்றார். "மூணு வருஷமா சார்." குனிந்து எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒருத்தர் எழுதிக்கொள்வதைப் பார்ப்பது என்னவோ போல இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. கையை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் முதல் தொட்டி நெட்டையம்மா, "ஏன்டி இவ்வளவு நேரம்? சம்பந்தம் பேசினியா?" என்றாள். "ஆமா, உனக்குத்தான் பார்த்திருக்கேன், மிட்டாய் எல்லாம் தருவாராம்" என்றேன். மற்ற ஐந்து பேரும் வழக்கம்போல எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நீ சொன்னதால் சொன்னேன். உன் உடம்பு எப்படி? எழுது.

அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பாப்பாவின் காய்ச்சல் முழுவதும் போய்விட்டதா? நான் மிகவும் நன்றாக இருக்கிறேன். இன்று அதற்குக் காரணமும் இருக்கிறது.

உங்கள் பண்ணைக் குறிப்பு என் மேசைக்கு வந்தது. எறும்பு எழுத்தில், 'கழுவும் பகுதி, பெண், கையுறை இல்லை, மருந்துத் தண்ணீர்' என்று மட்டும் இருந்தது. தட்டச்சு செய்து கொண்டுபோனேன். மேடம் பார்த்துவிட்டு, "இது பத்தாதும்மா. பொத்தாம்பொதுவா எழுதினா, 'அப்படி ஒண்ணும் இல்லையே'ன்னு ஒரு வரியில பதில் போட்டுடுவாங்க. விவரம் வேணும். அவரைக் கேட்டு எழுது" என்றார்.

ஆய்வாளர் வேறு பண்ணைக்குப் போயிருந்தார். நான் அவரைத் தேடவில்லை. என்னிடம்தான் உன் கடிதம் இருந்ததே. இப்படி எழுதினேன்: 'ஆறு தொட்டிகளில் கடைசித் தொட்டியில் நிற்கும் பெண் தொழிலாளிக்கு, காய்களை நீருக்குள் பிடிக்கும் இடது கையில், மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நகங்கள் விழுந்துவிட்டன. மூன்று ஆண்டுகளாகக் கையுறை மறுக்கப்பட்டு வருகிறது.' பெயர் எங்காவது இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். இல்லை.

மேடம் அதைக் கூட்டத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "ஒரு குறையை எப்படி எழுதணும்னு இந்தப் பொண்ணுகிட்ட கத்துக்கங்க" என்றார். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது சுட்டது. நம் வீட்டில் முதலில் படித்தவள் நான். படித்ததற்கு இன்றுதான் ஒரு பயன் வந்தது என்று தோன்றியது. அந்தப் படிப்புக்காகத்தான் நீ எட்டாவதோடு நின்றாய்.

அறிக்கையின் நகல் நேற்றே பண்ணைக்குப் போய்விட்டது. இனி கையுறை வந்தே தீரும். வந்ததும் எழுது.

தங்கை


அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடிதம் இல்லை. போன் போட்டால் அணைத்திருக்கிறது என்று வருகிறது. உடம்பு சரியில்லையா? முழங்காலா? பாப்பாவுக்குக் காலாண்டுத் தேர்வு என்று நினைக்கிறேன், அதனால் நேரம் இல்லாமல் இருக்கலாம்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. கையுறை கொடுத்தார்களா? ஒரு வரி எழுதினால் போதும். பாப்பாவையாவது எழுதச் சொல்.

தங்கை


நவம்பர் 4

அன்புத் தங்கச்சிக்கு,

கவலைப்படாதே. எனக்கும் பாப்பாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது.

கையுறையைக் கேட்டாய். கை நன்றாக ஆறிவிட்டது. மோதிர விரலில் நகம் முளைக்க ஆரம்பித்திருக்கிறது, அரிசி முனை மாதிரி. இப்போது தண்ணீரில் வேலை இல்லை.

இனிமேல் கடிதத்தைப் பின் கேட்டுக்கு எதிரே இருக்கும் கடைக்கார அண்ணன் விலாசத்துக்குப் போடு. குவார்ட்டர்ஸுக்கு வருகிற கடிதம் நேரத்துக்குக் கைக்கு வருவதில்லை.

நெட்டையம்மாவும் மற்றவர்களும் முன்னே மாதிரிப் பேசுவதில்லை. அவரவர்க்கு வேலை.

நீ நன்றாகச் சாப்பிடு. வேலையைக் கவனமாகப் பார்.

அக்கா


நவம்பர் 23

அக்கா,

உன் உடம்பும் பாப்பாவின் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி விசாரிக்காதே.

'தண்ணீரில் வேலை இல்லை' என்று நீ எழுதியதைப் படித்து, வேறு வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அறையில் இருந்தவர்களுக்கு மிட்டாய் கொடுத்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேற்று உங்கள் பண்ணையின் பதில் வந்தது. நான்கு புகைப்படங்கள். தொட்டிகள் இருந்த இடத்தில் ஒரு பெரிய இயந்திரம். ஒரு பக்கம் மண்ணோடு கேரட் போகிறது, மறு பக்கம் கழுவி வருகிறது. படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. தரை காய்ந்து கிடந்தது. கீழே இரண்டு வரிகள்: 'கழுவும் பகுதியில் இனி தொழிலாளர் எவரும் இல்லை. கடைசித் தொட்டியில் நின்றவர் தாமாகவே விலகிக்கொண்டார்.'

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூப்பிடாமல் ஒரு அறைக்குள் போனேன். "மேடம், அந்த ஆறு பேரும் எங்கே போனாங்கன்னு கேக்கலாமா?" என்றேன்.

"குறை என்னன்னு எழுதியிருந்தே?"

"கையுறை இல்லாம மருந்துத் தண்ணியில வேலை பார்க்கிறாங்கன்னு."

"இப்ப யாராவது தண்ணியில வேலை பார்க்கிறாங்களா?"

"இல்லை மேடம்."

"அப்ப குறை மூடியாச்சு. எங்கே போனாங்கங்கிறது நம்ம படிவத்துல இல்லைம்மா."

அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை. படிவத்தில் அப்படி ஒரு இடம் இல்லைதான், நானும் தேடிப் பார்த்தேன். 'குறை மூடப்பட்டது' என்ற கட்டத்தில் தட்டச்சு செய்தவர் குறியிட வேண்டும். ஆறு பேரில் ஒருத்தி என் அக்கா என்று சொல்ல வாய் திறந்தேன். நான் வெறுமையாக விட்ட படிவம் ஞாபகம் வந்தது. குறியிட்டேன். பண்ணைக்கு இந்த வருஷம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

பெயரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்துவிட்டதாக நினைத்திருக்கிறேன். ஒரு தொட்டிக்கு ஒரு ஆள் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அதை எழுதினேன்.

எங்கே இருக்கிறாய், அக்கா? பாப்பா பள்ளிக்கூடம் போகிறாளா? விடுதி அம்மாவிடம் கேட்டேன். விருந்தாளி என்றால் மூன்று நாள்தான் தங்க விடுவார்களாம். நான் வெளியே ஒரு அறை பார்க்கிறேன். அதுவரை பாப்பாவை மட்டுமாவது அனுப்பு. என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது.

தங்கை


டிசம்பர் 19

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. உயிரோடு சுகமாக இருக்கிறோம். திட்டச் சொன்னாய், எனக்கு அதற்குத் தெம்பு இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது? உங்கள் ஆபீஸ் காகிதம் வந்த அன்று விசில் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். யார் என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும், "எல்லாரும் கையை நீட்டுங்க" என்றார், பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பார்களே, அந்த மாதிரி. நீட்டினோம். என் கை வந்ததும் சிரித்தார். "உனக்கு வெட்டறதுக்கே நகம் இல்லையேம்மா" என்றார். பிறகு உன் வரியைப் படித்துக் காட்டினார். மோதிர விரல், சுண்டு விரல் என்று கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஆய்வாளரிடம் கையைக் காட்டவே இல்லையே. உனக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன்.

அதனால்தான் எழுதவில்லை. எழுதினால் நீ கேட்பாய், நான் சொல்ல வேண்டி வரும்.

அந்த மாதக் கடைசியில், நானாகவே விலகுகிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பின்னால் மற்ற ஐந்து பேரும் மெஷின் வந்ததும் போனார்கள். தன் சாமானை ஏற்றும்போது நெட்டையம்மா ஒன்று சொன்னாள். "உனக்கு நகந்தான் போச்சு. எங்களுக்குக் கையே போச்சு." அவள் எப்போதும் அப்படித்தான், நறுக்கென்று பேசுவாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கடைக்கார அண்ணன் கிடங்கில் ஒன்றரை மாதம் இருந்தோம். அங்கிருந்து பாப்பா கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போனாள். இப்போது தொலைவில் ஒரு பண்ணைக்கு வந்துவிட்டோம். கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி. இங்கே ஒரு வழக்கம், ஒரு ரூமுக்கு இரண்டு ஆள் வேலைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் ரூம் கிடையாது. நான் ஒருத்தி என்றதும் மேஸ்திரி பாப்பாவைப் பார்த்தார். அவள்தான், "நானும் வரேன்"னு முதலில் சொன்னாள். அவளுக்குக் கை நல்ல வேகம். கொடி கட்டுவதில் என்னைவிடச் சுருக்கு. பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்குகிறது. அடுத்த வருஷம் போவேன் என்கிறாள். நானும் ஆமாம் என்கிறேன்.

உன்னிடம் அனுப்பச் சொன்னாய். நடு வருஷத்தில் எந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்காது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அவள் வந்துவிட்டால் இந்த ரூமும் எனக்கு இல்லை. நீ அறை பார்த்து, நான் வேலை தேடி... அதெல்லாம் நடக்கிறபோது நடக்கட்டும்.

இப்போது அவசரம் வேறு. இங்கேயும் பச்சை வட்டத்துக்கு ஆள் வரப்போகிறார்களாம், தை பிறந்ததும். உங்கள் ஆபீஸா, வேறு ஆபீஸா தெரியவில்லை. "ஒழுங்கா பதில் சொல்லலைன்னா குடும்பத்தோட கிளம்ப வேண்டியதுதான்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். என்ன கேட்பார்கள், என்ன சொன்னால் ஒன்றும் எழுத மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். எழுதி அனுப்பு. முக்கியமாகப் பாப்பாவிடம் என்ன கேட்பார்கள் என்று எழுது.

நீ அழாதே. உடம்புக்கு ஆகாது.

அக்கா


ஜனவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு. எனக்கு ஒன்றுமில்லை.

வரப்போவது எங்கள் அலுவலகம்தான். மிட்டாய்க்காரரே வருவார். ஒரு வருஷத்தில் ஆயிரம் பேரைப் பார்க்கிறவர், உன்னை நினைவிருக்காது. இருந்தாலும் இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்.

கதவைச் சாத்தியதும், பயப்படாமல் சொல்லுங்கள், பெயர் வராது என்பார். தலையாட்டு. கையுறை தருகிறார்களா என்றால், தருகிறார்கள் என்று சொல். உடனே, என்ன நிறம் என்று கேட்பார். மேஸ்திரியிடம் முன்பே கேட்டு, எல்லோரும் ஒரே நிறத்தைச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக விடுகிறார்களா என்றால், எப்போது வேண்டுமானாலும் என்று சொல். எல்லாவற்றுக்கும் மிக நன்றாக இருக்கிறது என்று சொல்லாதே, சந்தேகம் வரும். ஒரு சின்னக் குறை சொல். வெயில் நேரத்தில் கூடாரம் சூடாக இருக்கிறது என்று சொன்னால் போதும். அது யாருடைய வேலையையும் எடுக்காது.

பாப்பாவிடம் முதலில் வயது கேட்பார். பதினெட்டு என்று சொல்லச் சொல். அதோடு விட மாட்டார். கொஞ்ச நேரம் வேறு ஏதாவது பேசிவிட்டு, பிறந்த வருஷம் எது என்று சட்டென்று கேட்பார். வயதைக் கூட்டிச் சொல்கிற பிள்ளை அந்த இடத்தில் ஒரு நொடி யோசிக்கும், அதில் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்த்தது நான்தான், போன நவம்பரில். மேடம் அதற்கும் பாராட்டினார்.

அதனால் அவள் யோசிக்கக் கூடாது. மூன்று வருஷத்தைக் கழித்து வருகிற வருஷத்தைத் தினமும் சொல்லிப் பழகச் சொல். கொடி கட்டும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, தூங்கி எழுந்ததும் நீ திடீரென்று கேள். உன் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என்னைப் போலத் தரையைப் பார்க்கக் கூடாது. எந்த வகுப்பு வரை படித்தாய் என்றால், பத்தாவது முடித்துவிட்டேன் என்று சொல்லட்டும்.

இதையெல்லாம் நீயே வாயால் சொல்லிக் கொடு. கடிதத்தை அவள் கையில் கொடுக்காதே. என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

தங்கை